திரைப்பதிவு மட்டும் போதுமா?

ஒரு மென்பொருளை எழுதியவரே அதை முழுமையாகச் சோதித்து முடித்துவிட இயலாது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆகையால் அவர் தவறான பொத்தானை அழுத்துவதே இல்லை. மென்பொருள் வெளிவருமுன் வேறொருவர் அதை இயக்கிப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். அவ்வேறொருவரைச் சோதனையாளர் என்பர். அவர் எதைச் செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், செய்தபின் திரையில் என்ன தோன்ற வேண்டும் என்று கூறும் குறிப்பே சோதனை வழிமுறை எனப்படும்.

பெங்களூரு, புணே, ஐதராபாத், நொய்டா ஆகிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாயோ தந்தையோ இத்தகைய வழிமுறைகளை எழுதும் பணியிலோ, படித்துச் சோதிக்கும் பணியிலோ இருப்பர். அவர்களது அலுவலகங்களில் ஒரு புதிய பழக்கம் வேரூன்றியுள்ளது. வழிமுறையை எழுதுவதற்கு மாற்றாக, கணினித் திரையில் நிகழ்வதை அப்படியே காணொளியாகப் பதிந்து, ‘இதைப் பார்த்துச் செய்க’ என்ற ஒற்றை வரியுடன் அனுப்பிவிடுவதே அப்பழக்கம். பார்ப்பதற்கு இது எளிது. அனுப்புவதற்கு அதைவிட எளிது. அனுப்புபவருக்கு எளிதாக இருப்பது, பெறுபவருக்கும் எளிதாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இப்பழக்கம் பரவியதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் திரையைப் பதிவதற்கென்றே காம்டேசியா போன்ற மென்பொருள்களை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2012இல் ஓபிஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் வந்தது; அதை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். பின்னர் இவ்வசதி கருவிகளுக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது. ஐபோனில் 2017இலும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2020இல் வெளிவந்த 11ஆம் பதிப்பிலும் திரைப்பதிவு உள்ளுறை வசதியாக அமைந்தது. ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர்கூட இன்று இரண்டு தொடுகையில் தம் திரையைப் பதிந்துவிடலாம்.

விண்டோஸ் 7 இயங்குதளத்துடன் 2009இல் வந்த மற்றொரு கருவியும் இங்கு நினைக்கத்தக்கது. ஸ்டெப்ஸ் ரெக்கார்டர் என்பது அதன் பெயர். அது காணொளி எடுப்பதில்லை. பயனர் சுட்டியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் திரையை ஒரு படம் பிடித்து, இன்ன பொத்தான் இன்ன சாளரத்தில் அழுத்தப்பட்டது என்ற வாக்கியத்தையும் தானே எழுதிச் சேர்க்கும். பயனர் தட்டெழுதும் சொற்களை மட்டும் அது பதியாது. கடவுச்சொல் போன்றவை வெளிப்படாதிருக்க அது உதவியது. படமும் வாக்கியமும் அருகருகே இருந்த அக்கருவி, சோதனை வழிமுறையின் இயல்பை நன்கு உணர்ந்து செய்யப்பட்டது என்றே கூற வேண்டும். அதைக் கைவிடப் போவதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2023இல் அறிவித்தது. அதற்கு மாற்றாக அந்நிறுவனம் பரிந்துரைத்தவை காணொளிப் பதிவு செய்யும் கருவிகளே. படிகளை வாக்கியமாக எழுதித் தந்த கருவி விடைபெற, படம் மட்டும் நின்றது.

திரைப்பதிவின் சிறப்பைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. சில பிழைகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றி மறைபவை. ஒரு பட்டியல் திறக்கும்போது ஒருமுறை நடுங்குவது, படம் ஒரு கணம் தலைகீழாகத் தோன்றிப் பின் சரியாவது, எழுத்துகள் முதலில் கட்டங்களாகத் தெரிந்து பின்பு எழுத்தாக மாறுவது ஆகியவற்றைச் சொற்களால் விளக்கினால் கேட்பவர் நம்பமாட்டார். நொடிக்கு 30 சட்டகங்கள் பதியும் ஒரு காணொளியில் அந்தக் கணத்தை நிறுத்திக் காட்டலாம். ‘என் கணினியில் அப்படி நிகழவில்லையே’ என்று மென்பொருளை எழுதியவர் கூறும் வழக்கமான விடைக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை. ஆகவே, பிழை நிகழ்ந்ததற்குச் சான்றாகத் திரைப்பதிவு மிக உயர்ந்தது. ஆனால் நிகழ்ந்துவிட்ட ஒன்றிற்குச் சான்று தருவது வேறு. இனி நிகழ்த்த வேண்டிய ஒன்றிற்கு வழி கூறுவது வேறு.

இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்து ஒன்றைக் கொண்டே விளக்கலாம். வெளி மாநில நகரம் ஒன்றில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் சிறு நூலகம் இருக்கிறது எனக் கொள்க. அதன் நூற்பட்டியலைத் தேடுவதற்கு ஒரு மென்பொருள் உருவாகிறது. ‘கௌதம புத்தர்’ என்று தேடினால், நூலகத்தில் அந்நூல் இருந்தும், ‘நூல் இல்லை’ என்ற விடை வருகிறது. இதைக் கண்டவர் உடனே திரையைப் பதிகிறார். தேடல் பெட்டியில் தலைப்பை எழுதுவது, தேடு என்னும் பொத்தானை அழுத்துவது, ‘நூல் இல்லை’ என்ற செய்தி தோன்றுவது, பின்னர் முழுப் பட்டியலைத் திறந்து அதே தலைப்பு அங்கே இருப்பதைக் காட்டுவது என நாற்பது நொடிகளில் எல்லாம் பதிவாகிவிடுகிறது. பதிவில் மறைவு எதுவும் இல்லை. ஆயினும் அதைப் பார்த்து அவ்வாறே செய்த சோதனையாளருக்கு நூல் கிடைத்துவிடுகிறது, பிழை தோன்றவில்லை!

காரணம் இதுதான். கணினி எழுத்துகளை வடிவத்தால் அறிவதில்லை. ஒருங்குறி வகுத்த குறியெண்களால் அறிகிறது. ‘கௌ’ என்னும் எழுத்தில் 2965 என்னும் ககரமும் 3020 என்னும் ஔகாரக் குறியும் உள்ளன. அதையே ஒருவர் ‘கெ’ என்று எழுதி அருகில் ளகரத்தைச் சேர்த்தால், 2965, 3014, 2995 என்று மூன்று எண்கள் ஆகிவிடும். கௌதம, கெளதம என்று அடுத்தடுத்து அச்சிட்டுக் காட்டினாலும் பல எழுத்துருக்களில் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. கணினிக்கோ இரண்டும் முற்றிலும் வேறான சொற்கள். பழைய தட்டச்சுப் பொறியில் கை பழகியவர்களுள் பலர் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்தே ஔகாரத்தை அடிக்கும் வழக்கமுடையவர்கள். அத்தகைய ஒருவர் நூற்பட்டியலைத் தட்டெழுதியிருந்தால் அதில் ‘கெளதம’ என்றே இருக்கும். தமிழ் 99 விசைப்பலகையில் ஔ விசையை அழுத்தித் தேடுபவருக்கு நூல் கிடைக்காது. பட்டியலைத் தட்டெழுதியவரைப் போலவே எழுதித் தேடும் சோதனையாளருக்குக் கிடைத்துவிடும்.

திரையில் தெரியாத ஒன்றைத் திரைப்பதிவு எவ்வாறு காட்டும்? அங்கே தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்: ‘தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்து, ககரத்தை அடுத்து ஔ விசையை அழுத்துக.’ இவ்வாக்கியத்தை எழுத முயன்றிருந்தால், பதிந்தவருக்கே பிழையின் காரணம் பாதி விளங்கியிருக்கும். எழுதும்போது ‘எவ்வாறு எழுதினேன்?’ என்று தம்மையே அவர் கேட்டாக வேண்டும். பதியும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. பதிவுக் கருவி செய்ததையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்காது.

இன்னொன்றும் உண்டு. தேடல் பெட்டியில் தவறான எழுத்தைத் தந்தாலும் நூலைக் காட்ட வேண்டுமா, வேண்டாமா? மென்பொருளில் நேரும் பிழையைத் தமிழில் ‘வழு’ என்கின்றனர். இது இலக்கணம் தந்த சொல். இலக்கண நூலார் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்றாகப் பகுத்தனர். முறைப்படி அமைவது வழாநிலை. முறை தவறுவது வழு. முறைப்படி தவறே ஆயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வீட்டுப் பசு மேய்ந்து திரும்பும்போது ‘என் செல்லம் வந்துவிட்டாள்’ என்று ஒருவர் கூறினால், அஃறிணையை உயர்திணையாகக் கூறியது தவறுதான். ஆயினும் அன்பு காரணமாக அதை ஏற்கிறோம். மென்பொருளிலும் இப்படியே. ‘கெளதம’ என்று தேடுபவருக்கும் நூலைக் காட்டுவது எனத் திட்டமிட்டே அமைத்திருந்தால் அது வழுவன்று, வழுவமைதி. இரண்டு எழுத்தையும் ஒன்றெனக் கொள்ளும் எண்ணமே இல்லாமல் தற்செயலாக அப்படி அமைந்திருந்தால் அது வழு. காணொளியில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடும். எது வழு, எது வழுவமைதி என்று பிரித்துக் கூறுவது ‘எதிர்பார்க்கும் விளைவு’ என்ற தலைப்பில் எழுதப்படும் ஒரு வரியே. அவ்வரி இல்லாத வழிமுறையைப் பெற்ற சோதனையாளர், திரையில் எது தோன்றினாலும் அதுவே சரி என்று எண்ணிக்கொள்வார். பிழையோடு பதிந்த காணொளியை மாதிரியாகக் கொண்டு பிழையையே சரியென்று சான்றளிக்கவும் நேரும். 1983இல் வெளிவந்த ஐஇஇஇ 829 என்னும் சோதனை ஆவணத் தரநிலை, ஒவ்வொரு சோதனைக்கும் உள்ளீட்டையும் எதிர்பார்க்கும் விளைவையும் எழுதி வைக்குமாறு கூறியது. அன்று மேசைக் கணினியில் திரைப்பதிவு என்ற பேச்சே எழவில்லை. கருவிகள் மாறியபின்னும் அத்தேவை மாறவில்லை.

பொருளும் எழுத்தும் சேர்ந்து நின்றதற்கு ஒரு பழைய சான்று கணினி வரலாற்றிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 2 என்னும் கணினி 1947 செப்டம்பர் 9 அன்று பழுதுற்றது. உள்ளே ஒரு விட்டில் சிக்கியிருந்தது. அதை எடுத்தவர்கள் எறிந்துவிடவில்லை. பணிக்குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அதனருகில் பிற்பகல் 3.45 என்ற நேரத்தையும், 70ஆம் எண்ணுள்ள மின்னிணைப்பான், எஃப் பலகை என்ற இடத்தையும் குறித்து, உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்டது இதுவே முதன்முறை என்ற பொருளில் நகைச்சுவையாக ஒரு வரியும் எழுதினர். கணினிப் பிழையைப் பூச்சி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்ததால்தான் அந்நகைச்சுவை எடுபட்டது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இந்நிகழ்ச்சியைப் பல மேடைகளில் கூறிப் புகழ்பெறச் செய்தார். விட்டிலைப் பிடித்தவர் அவர் என்று பலர் எண்ணுவது பிழை. அக்குறிப்பேடு இன்றும் அந்நாட்டின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒட்டிய விட்டிலை இன்றைய திரைப்பதிவுக்கு ஒப்பிடலாம். அருகில் நேரமும் இடமும் எழுதப்படாதிருந்தால் அது காய்ந்த பூச்சியாகவே எஞ்சியிருக்கும்.

எழுத்தை வலியுறுத்துவோருக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. பல மொழி பேசுவோர் ஒன்றாகப் பணிபுரியும் இந்திய அலுவலகங்களில் எல்லாராலும் பிழையற எழுத இயலாது. ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதத் தயங்குபவரும் தம் வேலையைத் திரையில் திறம்படச் செய்து காட்டுவார். அத்தகையோரைக் காணொளி விடுவிக்கிறது என்பர். இது உண்மை, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் சோதனை வழிமுறைக்கு வேண்டியது அழகிய நடை அன்று. ‘இதைத் திறக்க. இதை எழுதுக. இதை அழுத்துக. இது தோன்ற வேண்டும்’ என்னும் அளவில் நான்கு சொல் வாக்கியங்கள் போதும். அவற்றைத் தமிழிலோ இந்தியிலோ வங்காளத்திலோ எழுதினாலும் பிறர் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஒருவர் தம் மொழியில் பேசிக்கொண்டே பதிந்த காணொளியை அவ்வளவு எளிதில் மொழிபெயர்க்க இயலாது. காணொளியில் ஒரு சொல்லைத் தேடுவதும் அரிது. ஒன்பதாம் படி எது என்று அறிய முழுக் காணொளியையும் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும்.

மென்பொருள் மாறும்போது இச்சிக்கல் பெருகும். ‘தேடு’ என்ற பொத்தானை வலப்புறத்திலிருந்து மேற்புறத்துக்கு மாற்றினால், எழுத்து வழிமுறையில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். பெரும்பாலும் அதுவும் வேண்டியிராது. காணொளியோ அன்றே பழையதாகிவிடும். பொத்தான் இல்லாத இடத்தில் பொத்தானைத் தேடிச் சோதனையாளர் அரைமணி நேரம் வீணாக்குவார். அளவையும் பார்க்கலாம். நொடிக்கு 2,500 கிலோபிட் என்னும் அளவில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 மெகாபைட் ஆகும். பத்து வரித் தமிழ் வழிமுறை, ஓர் எழுத்துக் குறிக்கு 3 பைட் என்று கொண்டாலும், சில கிலோபைட்டுகளைத் தாண்டாது.

சோதனையாளர் பார்வையற்றவராக இருந்தால் என்ன ஆகும்? இதை நினைத்துப் பார்க்காமலே பல அலுவலகங்கள் காணொளியை அனுப்புகின்றன. பார்வைக் குறையுடையோர் திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரை வாசிப்பான்களைக் கொண்டு கணினியை இயக்குகின்றனர். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ என்னும் இலவச மென்பொருள் அவற்றுள் ஒன்று. அது தமிழையும் படிக்கும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பமும் அவர்களுக்கு எட்டும்படி அமைய வேண்டும் என்கிறது. எட்டுகிறதா என்று சோதிக்கத் தகுந்தவர் அவர்களைத் தவிர வேறு யார்? பேச்சில்லாத ஒரு காணொளியை அவர்களுக்கு வழிமுறையாக அனுப்புவது, வந்த விருந்தினருக்கு வெற்று இலையை இடுவது போன்றது. இதில் வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. நூலகத் தேடலில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிழை செவிக்குத் தெரியக்கூடும். திரை வாசிப்பானும் குறியெண்களைக் கொண்டே படிப்பதால், ‘கெளதம’ என்று இருக்கும் தலைப்பைக் ‘கெ-ள-தம’ என்று ஒலிக்க வாய்ப்புண்டு. பார்வையுள்ள பத்துப் பேர் கடந்து சென்ற வழுவை அவர் முதல் முறையிலேயே கண்டுபிடித்துவிடுவார், வழிமுறை அவர் படிக்கும்படி எழுதப்பட்டிருந்தால்.

பதிவோர் மறக்கும் மற்றொன்று தம் சொந்தச் செய்திகள். திரையைப் பதியும் நேரத்தில் வங்கியிலிருந்து ஒருமுறைக் கடவுச்சொல் வரலாம். உறவினரின் குறுஞ்செய்தி மேலே தோன்றி மறையலாம். திறந்திருக்கும் வேறொரு பக்கத்தில் வாடிக்கையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கலாம். எழுதும்போது ஒருவர் வேண்டியதை மட்டும் எழுதுகிறார். பதியும்போது வேண்டாததும் சேர்ந்து போகிறது. பிறருடைய தகவலைக் காப்பதற்கென இந்தியாவில் 2023இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. பதியுமுன் அறிவிப்புகளை நிறுத்திவைப்பதும், உண்மையான பெயர்களுக்கு மாற்றாகக் கற்பனைப் பெயர்களை இட்டுச் சோதிப்பதும் இரண்டு நிமிட வேலை.

ஆகவே, திரைப்பதிவை விலக்க வேண்டியதில்லை. அதன் இடத்தை மாற்ற வேண்டும். முதலில் படிகளை எழுதுக. எழுதிய படிகளைத் தாமே ஒருமுறை பின்பற்றிப் பார்க்க. எந்தப் படியைச் சொல்லால் விளக்குவது கடினமோ அந்தப் படியை மட்டும் பதிக. முழுச் சோதனையையும் ஒரே காணொளியாகப் பதிந்து, அதில் பாதி நேரம் கோப்பைத் தேடிக்கொண்டிருப்பதைக் காட்டுவதால் யாருக்கும் பயனில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பதிவோர், விரல் தொட்ட இடத்தைப் புள்ளியாகக் காட்டும் வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் திரை தானாகவே மாறுவதுபோல் தோன்றும்.

நூலகத் தேடலுக்கான வழிமுறை அப்போது இவ்வாறு அமையும். முதற்படியில் மென்பொருளின் பதிப்பு எண்ணும் கணினியின் இயங்குதளமும் குறிக்கப்படும். இரண்டாம் படி, ‘தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்து, ககரத்தை அடுத்து ஔ விசையை அழுத்தித் தலைப்பை எழுதித் தேடுக; நூல் தோன்ற வேண்டும்’ என்று கூறும். மூன்றாம் படி, ‘நூல் தோன்றாவிடில் பட்டியலிலுள்ள தலைப்பைத் திருத்தும் பெட்டியில் திறந்து, முதல் எழுத்தை அடுத்து இடஞ்சுட்டியை வைத்து, பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்துக, பார்த்தபின் திருத்தத்தைச் சேமியாமல் மூடுக’ என்று இருக்கும். சரியான ‘கௌ’ ஆயின் பெரும்பாலான மென்பொருள்களில் ஔகாரக் குறி நீங்கி ‘க’ எஞ்சும். கொம்பும் ளகரமும் சேர்ந்ததாயின் ளகரம் மட்டும் நீங்கி ‘கெ’ எஞ்சும். இந்தப் படிக்கு ஒரு திரைப்பதிவை இணைக்கலாம். அது பன்னிரண்டு நொடிக்கு மேல் ஓடாது. அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பது படியின் கீழேயே எழுதப்பட்டிருக்கும்.